நார்னியாவுக்குத் திரும்பிப் போகிறவர்கள்: வாசகர் கேள்வி பதில்

சின்ன வயதில் படித்த புத்தகத்தைப் பெரியவரான பிறகு திரும்ப எடுத்துப் படித்தவர்கள் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நார்னியாவைப் பற்றித்தான், அதாவது சி.எஸ். லூயிஸ் 1950 முதல் 1956 வரை வருடத்துக்கு ஒன்றாக வெளியிட்ட ஏழு கதைப் புத்தகங்களைப் பற்றி. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் ஐந்தாம் வகுப்பில் பள்ளி நூலகத்திலிருந்து 'தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்' எடுத்துப் படித்தேன். அஸ்லான் என்ற சிங்கத்தைக் கல்மேசையில் கட்டிப்போட்டுக் கொல்கிற இடத்தில் தேம்பித் தேம்பி அழுதது இன்னும் ஞாபகம் இருக்கிறது. இப்போது என் மகளுக்குப் படித்துக் காட்டும்போதுதான் அது இயேசுவின் சிலுவை மரணம் என்று உறைத்தது. நாங்கள் வெள்ளி தவறாமல் மீனாட்சி கோயிலுக்குப் போகிற குடும்பம். கதை என்று நம்பி வாங்கிக்கொண்டது மதபோதனையா என்று மனசு கஷ்டப்படுகிறது. மகளுக்கு மீதியைப் படிக்கட்டுமா, வேண்டாமா? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: படியுங்கள், தாராளமாகப் படியுங்கள். உங்கள் வருத்தம் நியாயமானது, அது உங்களுக்கு மட்டும் வந்ததும் இல்லை. அமெரிக்க விமர்சகர் லாரா மில்லருக்குச் சின்ன வயதில் நார்னியா என்றால் உயிர். அதில் கிறிஸ்தவம் இருப்பது பிறகு தெரியவந்ததும் ஏமாற்றப்பட்டதாகவே உணர்ந்தார். பல வருடம் கழித்து அந்தப் புத்தகங்களுக்குத் திரும்பி வந்து, 'தி மெஜிஷியன்ஸ் புக்' என்று 2008-ல் ஒரு தனிப் புத்தகமே எழுதினார். அவர் மறுபடி விசுவாசி ஆகவில்லை, ஆனால் புத்தகத்தை விட்டுக்கொடுக்கவும் இல்லை.

லூயிஸ் மறைத்தாரா என்று முதலில் பார்ப்போம். மூன்றாவது புத்தகமான 'தி வாயேஜ் ஆஃப் தி டான் ட்ரெடர்' கடைசியில் குழந்தைகள் உலகத்தின் விளிம்புக்குப் போகிறார்கள், அங்கே புல்வெளியில் ஒரு வெள்ளை ஆட்டுக்குட்டி தீ மூட்டி மீன் சுட்டு வைத்துக்கொண்டு சாப்பிட வாருங்கள் என்று கூப்பிடுகிறது. உயிர்த்தெழுந்த இயேசு கரையில் சீடர்களைச் சாப்பிடக் கூப்பிடுகிற யோவான் சுவிசேஷம் 21-ம் அதிகாரம் படித்தவர்களுக்கு அந்தக் கரிநெருப்பும் மீனும் உடனே தெரிந்துவிடும். அப்புறம் அந்த ஆட்டுக்குட்டியே அஸ்லானாக மாறுகிறது. எங்கள் உலகத்திலும் இருக்கிறீர்களா என்று எட்மண்ட் என்ற பையன் கேட்க, இருக்கிறேன், அங்கே எனக்கு வேறு பெயர், இங்கே என்னைக் கொஞ்ச நாள் தெரிந்துகொண்டால் அங்கே இன்னும் நன்றாகத் தெரிந்துகொள்வீர்கள் என்றுதான் உங்களை இங்கே வரவழைத்தேன் என்று பதில் வருகிறது. இதைவிட வெளிப்படையாக ஒரு கதை பேச முடியாது. குழந்தையாக இருந்தபோது நாம் அதைத் தாண்டிப் போனோம், அவ்வளவுதான்.

கிறிஸ்தவத்தைப் பிள்ளைகளுக்குள் எப்படி ஏற்றுவது என்று திட்டம் போட்டுக்கொண்டு அவர் உட்காரவும் இல்லை. அப்படி நினைப்பவர்களுக்கு 1956-ல் ஒரு கட்டுரையில் அவரே பதில் எழுதினார். பனிக்காட்டில் குடையும் பொட்டலங்களுமாக நடந்துபோகும் ஒரு ஃபான், அதாவது இடுப்புக்குக் கீழே ஆட்டுக்கால் உள்ள மனிதன், அந்தப் படம் பதினாறு வயதிலிருந்தே அவர் மனதில் இருந்தது. சறுக்கு வண்டியில் ஒரு ராணி, பிறகு ஒரு சிங்கம், எல்லாமே படங்களாகத்தான் வந்தன, ஆரம்பத்தில் அவற்றில் கிறிஸ்தவம் என்று ஒன்றும் இல்லை, அது தானாக உள்ளே வந்தது என்கிறார்.

அதே கட்டுரையில் இன்னொன்றும் சொல்கிறார், உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் அதில்தான் இருக்கிறது. சின்ன வயதில் கடவுளைப் பற்றி, கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றி இப்படித்தான் உணரவேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிச் சொல்லியே தனக்கு ஒன்றும் உணரமுடியாமல் போனது, கட்டாயம் வந்தால் உணர்ச்சி உறைந்துவிடும், அதையே வேறொரு உலகத்தில் வைத்து, சண்டே ஸ்கூல் வாசனை இல்லாமல் காட்டினால் காவலுக்கு நிற்கும் அந்த டிராகன்களைத் தாண்டி உள்ளே போய்விடலாமே என்று யோசித்ததாக எழுதுகிறார். அந்த டிராகன்கள் யாருடையவை? தேவாலய மணி கேட்டே வளர்ந்து சலித்துப்போன இங்கிலாந்துப் பிள்ளைகளுடையவை. மதுரையில் அந்தச் சலிப்பே இல்லாமல் வளர்ந்த உங்களைக் குறிவைத்து அவர் எதையும் கடத்தவில்லை. உங்களிடம் தாண்டிப் போக டிராகனே கிடையாது. நீங்கள் ஒரு சிங்கத்துக்காக அழுதீர்கள், அது சுத்தமான அழுகை.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. லூயிஸ் பெல்ஃபாஸ்டில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். பையனாக இருந்தபோது அவரை உலுக்கியது பைபிள் இல்லை, பால்டர் என்ற வட ஐரோப்பியக் கடவுள் இறந்துபோனான் என்று சொல்லும் ஒரு கவிதையின் சில வரிகள். அந்தக் கடவுளைப் பற்றி அவருக்கு அப்போது ஒன்றுமே தெரியாது. அவனை அவர் கும்பிடவும் இல்லை. ஆனாலும் அந்தச் சாவு அவரை என்னவோ செய்தது. பதின்வயதில் நாத்திகரானார். 1931 செப்டம்பரில் ஒரு ராத்திரி ஆக்ஸ்ஃபோர்டில் மாடலின் கல்லூரியை ஒட்டிய அடிசன்ஸ் வாக் நடைபாதையில் நண்பர்கள் டோல்கீனும் ஹ்யூகோ டைசனும் அவரோடு பேசிக்கொண்டே நடந்தார்கள், பேச்சு விடியற்காலை வரை நீண்டது. அந்தப் பேச்சின் சாரம் இதுதான்: செத்துப் பிழைக்கும் கடவுளின் கதை பால்டரிடம் வந்தால் உருகுகிறாய், சுவிசேஷத்தில் வந்தால் மட்டும் ஏன் கல்லாக நிற்கிறாய்? அதற்குச் சில நாட்களில் அவர் கிறிஸ்தவரானார். அடுத்தவர் கடவுளின் சாவுக்காக அழுத பையன் வளர்ந்து எழுதிய கதையை, அடுத்தவர் கடவுள் என்று தெரியாமலே படித்து நீங்கள் அழுதிருக்கிறீர்கள். அவர் அங்கே நின்ற இடத்தில்தான் நீங்கள் இங்கே நின்றிருக்கிறீர்கள். இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது?

மகள் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், இது கிறிஸ்தவர்களின் கதையிலிருந்து வந்தது, எழுதியவர் அதை முழு மனதோடு நம்பினார் என்று. கேட்கவில்லை என்றால் சிங்கம் சிங்கமாகவே இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் சபை மூப்பர் ஒருவர், சூனியக்காரி, மந்திரம் எல்லாம் வருகிற புத்தகத்தை சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்கிறார். நான் சின்னதில் ஆசையாகப் படித்த புத்தகம், இப்போது ஆசிரியையாக நானே கொடுக்க நினைக்கிறேன். அவரிடம் என்ன சொல்வது அண்ணா? (ஒரு தங்கை, நாகர்கோவில்)

பதில்: மூப்பரை எதிர்த்துப் பேசவேண்டாம், முடிந்தால் புத்தகத்தை அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நார்னியாவில் அதிகாரத்துக்காக மந்திரம் கற்றுக்கொள்கிறவர்கள் எல்லாரும் கேவலப்பட்டே போகிறார்கள், 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ'வில் வரும் ஆண்ட்ரூ மாமா ஒருவர் போதும் சாட்சிக்கு.

இன்னொரு சம்பவத்தையும் அவரிடம் சொல்லலாம். ஒன்பது வயது அமெரிக்கப் பையன் ஒருவனுக்கு ஒரு பயம் வந்துவிட்டது, இயேசுவைவிட அஸ்லானை அதிகமாக நேசிக்கிறேனே, இது பாவமில்லையா என்று. அவன் அம்மா லூயிஸுக்கு எழுதினார். 1955-ல் லூயிஸ் பதில் எழுதினார்: அஸ்லான் செய்ததாகவும் சொன்னதாகவும் அவன் எதையெல்லாம் நேசிக்கிறானோ அவை இயேசு செய்ததும் சொன்னதும்தான், அதனால் அஸ்லானை நேசிப்பதாக நினைக்கும்போது அவன் உண்மையில் இயேசுவைத்தான் நேசிக்கிறான், ஒருவேளை முன்னைவிட அதிகமாகவே. அந்தப் பையனுக்கு அவர் கொடுத்த மரியாதையைப் பாருங்கள். உலகப் புகழ்பெற்ற பேராசிரியர், ஒரு சின்னப் பிள்ளையின் பயத்தை உட்கார்ந்து பிரித்துப் பிரித்துப் பதில் எழுதுகிறார்.

நானும் சி.எஸ்.ஐ. வீட்டுப் பிள்ளைதான், அதனால் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கொடுக்கும்போதே "சிங்கம்தான் இயேசு, கல்மேசைதான் சிலுவை" என்று பிள்ளைகளிடம் விளக்கம் சொல்லிவிடாதீர்கள். எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நான் அதை மனப்பாட வசனம் மாதிரி படித்து, மனப்பாட வசனம் மாதிரியே மறந்துபோனேன். முப்பது வயதுக்கு மேல் திரும்பப் படித்தபோதுதான், ராத்திரி முழுக்க அந்த இரண்டு பெண்பிள்ளைகளும் செத்த சிங்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும், சுண்டெலிகள் வந்து கட்டுக் கயிற்றைக் கடிப்பதும் முதல்முறையாகக் கண்ணில் பட்டன. சுவிசேஷத்தில் சனிக்கிழமை என்று ஒரு நாள் உண்டு, இயேசு இறந்த வெள்ளிக்கும் எழுந்த ஞாயிறுக்கும் நடுவில், நம் பிரசங்கங்கள் அவசரமாகத் தாண்டிப் போகிற நாள். அந்த நாள் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குக் காட்டியது இந்தப் பக்கங்கள்தான்.

இந்தக் கஷ்டம் லூயிஸுக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்க எழுத்தாளர் மேடலின் லெங்கிள் எழுதிய 'எ ரிங்கிள் இன் டைம்' 1962-ல் வந்து அடுத்த வருடம் அங்கே சிறுவர் நூலுக்குத் தரும் நியூபெரி பதக்கம் வாங்கியது. எழுதியவர் விசுவாசி, கதைக்குள் பைபிள் வசனங்கள் வருகின்றன. இருளை எதிர்த்து நின்றவர்களின் பட்டியலில் இயேசுவோடு காந்தியையும் புத்தரையும் சேர்த்து வைத்ததற்காக, சூனியக்காரி வேடம் போட்ட ஒரு பாத்திரத்துக்காக, அங்கே பல கிறிஸ்தவப் பெற்றோர்களே அதை நூலகத்திலிருந்து எடுக்கச் சொன்னார்கள். அதையும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், நல்ல புத்தகம்.

கேள்வி: கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். நார்னியாவும் நம் 'இரட்சணிய யாத்திரிகம்' போல ஒரு முற்றுருவகம்தானே? (ஒரு பேராசிரியர், பாளையங்கோட்டை)

பதில்: பார்வைக்கு ஒன்று போலத் தெரியும், ஆனால் இல்லை என்று லூயிஸே சொல்லியிருக்கிறார், அதற்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணமும் உங்களுக்கு நன்கு தெரிந்த இடம். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை பாடி 1894-ல் நூலாக வந்த அந்தக் காப்பியத்துக்கு மூலம் ஜான் பனியன் 1678-ல் வெளியிட்ட 'பில்கிரிம்ஸ் ப்ராக்ரஸ்'. அதில் வழிப்போக்கரைப் பிடித்து அடைத்து வைக்கும் ஓர் அரக்கன் வருவான், அவன் பெயரே அவநம்பிக்கை. அவன் அவநம்பிக்கைக்குப் பதிலாக நிற்கிறான், வேறு வேலை அவனுக்கு இல்லை, அதுதான் முற்றுருவகம். அஸ்லான் எதற்கும் பதிலாக நிற்கவில்லை, நார்னியா போல ஓர் உலகம் நிஜமாகவே இருந்து, கிறிஸ்து அங்கேயும் பிறவி எடுத்துச் செத்து எழுந்தால் எப்படி இருப்பார் என்ற கேள்விக்கு ஒரு கற்பனைப் பதில்தான் அவன் என்று 1958-ல் ஒரு கடிதத்தில் எழுதினார்.

இந்த வித்தியாசம் படிக்கும்போது தெரியும். பனியனில் பெயரைக் கேட்டதும் பொருள் முடிந்துவிடுகிறது. நார்னியாவில் எட்மண்ட் யூதாஸ் இல்லை, பேதுருவும் இல்லை, அண்ணன் மேல் பொறாமையும் மிட்டாய் ஆசையும் உள்ள ஒரு பையன், அவனுக்காக ஒருவர் சாகிறார், அவ்வளவுதான். லூயிஸுக்கு உருவகம் எழுதத் தெரியாது என்றும் இல்லை, பனியனைப் பின்பற்றி 1933-ல் 'தி பில்கிரிம்ஸ் ரிக்ரஸ்' என்று அச்சு அசலான உருவகம் ஒன்று எழுதியவர். அதை இன்று தேடிப் படிப்பவர் குறைவு, அதற்குக் காரணமும் உங்களுக்கே தெரியும்.

கம்பனில் ஊறிய வைணவராகப் பிறந்து, அதே கம்பன் நடையில் கிறிஸ்துவைப் பாடியவர் கிருஷ்ணபிள்ளை. அவரையும் லூயிஸையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒரு மாணவரை ஆய்வு செய்யச் சொல்லுங்களேன்.

கேள்வி: எந்த வரிசையில் படிப்பது? என் செட்டில் 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ' முதலில் வருகிறது. (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: வெளிவந்த வரிசையில் படியுங்கள், 'தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்'தான் முதலில். இப்போது விற்கிற பதிப்புகளில் கதை நடக்கும் காலப்படி எண் போட்டிருக்கிறார்கள், அதற்கு ஆதாரமாகக் காட்டுவது லூயிஸ் 1957-ல் எழுதிய ஒரு கடிதம். யாருக்கு எழுதியது தெரியுமா? மேலே சொன்ன அதே பையனுக்கு. உன் வரிசை எனக்கும் பிடித்திருக்கிறது என்றுதான் அதில் இருக்கிறது, எந்த வரிசையில் படித்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது என்றும் சேர்த்தே இருக்கிறது. முதல் புத்தகத்தில் அலமாரிக்குள் கோட்டுகளை விலக்கிக்கொண்டு நார்னியாவுக்குள் போகிற சிறுமி லூசியின் காலடியில் பனி நொறுங்கும்போது, அது எந்த இடம் என்று படிக்கிறவருக்கும் தெரியாமல் இருக்கவேண்டும்.

கேள்வி: சூசனை ஏன் அப்படிச் செய்தார்? லிப்ஸ்டிக் போட்டாள் என்பதற்காகச் சொர்க்கத்தை மறுப்பதா? சின்ன வயதில் அவள்தான் எனக்குப் பிடித்தவள். இந்த வயதில் திரும்பப் படித்தபோது புத்தகத்தைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: உங்கள் கோபம் எனக்கும் உண்டு. படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன், ஏழாவது புத்தகமான 'தி லாஸ்ட் பேட்டில்' முடிவில் முன்பு நார்னியா வந்துபோனவர்கள் எல்லாரும் ஒரு ரயில் விபத்தில் இறந்து அஸ்லானின் நாட்டுக்கு வந்து சேர்கிறார்கள், முதல் புத்தகத்தின் நான்கு பிள்ளைகளில் ஒருத்தியான சூசன் மட்டும் வரவில்லை. அவளுக்கு இப்போது நைலான், லிப்ஸ்டிக், விருந்து அழைப்பு இவை தவிர வேறெதிலும் அக்கறை இல்லை என்று ஒருத்தி சொல்கிறாள். ஆங்கில எழுத்தாளர் பிலிப் புல்மன் இதற்காக லூயிஸைக் கடுமையாகத் திட்டியிருக்கிறார், நீல் கெய்மன் இதை வைத்து ஒரு சிறுகதையே எழுதினார்.

லூயிஸ் பக்கம் ஒரு நியாயம் உண்டு. நார்னியாவைப் பற்றிப் பேச்செடுத்தால், சின்ன வயதில் நாம் விளையாடிய விளையாட்டையா இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அவள் சிரிக்கிறாள் என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது. லிப்ஸ்டிக்கைவிட அதுதான் முக்கியம்: தான் கண்ணால் கண்டதையே இல்லை என்று சொல்லிவிட்டாள். ஆனாலும் ஒரு பெண் வளர்வதைக் காட்ட வேறு அடையாளமே கிடைக்கவில்லையா அவருக்கு? இந்த இடத்தில் அவர் கை தவறிவிட்டது என்றே நினைக்கிறேன்.

ஆனால் அவள் நரகத்துக்குப் போகவில்லை, உயிரோடு இருக்கிறாள். 1957-ல் ஒரு குழந்தைக்கு எழுதிய கடிதத்தில், சூசன் திருந்த நிறைய நேரம் இருக்கிறது, அவளுக்கே உரிய வழியில் ஒருநாள் அஸ்லானின் நாட்டுக்கு வந்து சேரலாம் என்று லூயிஸ் எழுதினார். பிறகு இன்னொரு வாசகிக்கு, அந்தக் கதையை என்னால் எழுத முடியாது, நீயே எழுதிப் பாரேன் என்றார். பெரியவராகிப் படிக்கும்போது இந்த இடம்தான் பயமாக இருக்கிறது. ஒரே நாளில் அம்மா, அப்பா, அண்ணன், தம்பி, தங்கை எல்லாரையும் இழந்த ஒரு பெண், அவளுக்கு இருபத்தொன்றோ என்னவோதான் இருக்கும், பிணங்களை அடையாளம் காட்டப் போக வேண்டியவளும் அவள்தான். அதை லூயிஸ் எழுதவில்லை. கோபப்படுங்கள், ஆனால் எறியாதீர்கள்.

கேள்வி: நார்னியாவுக்குத் தெற்கே இருக்கும் கலோர்மென் நாட்டுக்காரர்கள் எல்லாரும் கறுப்பு நிறம், தலைப்பாகை, கொடூரம். நம்மைப் போன்றவர்களைத்தானே கேவலமாகக் காட்டுகிறார்? (ஒரு வாசகர், சென்னை)

பதில்: அரபு, துருக்கிக் கதைகளின் சாயலில் செய்தது அது, ஆனாலும் உங்களுக்கு உறுத்துவது நியாயம், எனக்கும் உறுத்துகிறது. 'தி லாஸ்ட் பேட்டில்' புத்தகத்தில் குள்ளர்கள் அவர்களை நிறத்தைச் சொல்லி ஏளனம் செய்யும் வசனங்களை என்னால் பிள்ளைகளுக்கு உரக்கப் படிக்க முடியவில்லை. ஆனால் 'தி ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்' கதையின் நாயகி அரவிஸ் கலோர்மென்காரி, ஏழு புத்தகங்களிலும் தைரியத்தில் அவளுக்கு இணை குறைவு. அப்புறம் கடைசிப் புத்தகத்தில் எமெத் என்ற வீரன். வாழ்நாள் முழுக்க டாஷ் என்ற கொடிய தெய்வத்தை உண்மையாகத் தேடியவன், அஸ்லானைப் பார்த்ததும் செத்தேன் என்று நினைக்கிறான். அஸ்லானோ, நீ டாஷுக்குச் செய்த நல்லதெல்லாம் எனக்குச் செய்ததாகவே கணக்கு என்று அவனை வரவேற்கிறது. இதற்காக லூயிஸைக் கண்டித்த கிறிஸ்தவர்கள் இன்றும் உண்டு. அவன் வணங்கியது பொய்த் தெய்வம் என்பதில் மாற்றம் இல்லையே என்று மதுரை வாசகிக்கு வேறொரு கோணத்தில் வலிக்கலாம். இரண்டு பக்கமும் வலிக்கிற இடம்தான் அது. அந்தப் பக்கத்தை எழுதும்போது லூயிஸ் தன் இறையியலின் எல்லைவரை போய் நின்றிருக்கிறார், அதை நான் மதிக்கிறேன்.

கேள்வி: அம்மா தவறி ஒரு வருடம் ஆகப்போகிறது. சின்ன வயதில் ராத்திரி நார்னியா படித்துக் காட்டியது அம்மாதான். திரும்பப் படிக்கவேண்டும் போல இருக்கிறது, ஆனால் பயமாகவும் இருக்கிறது. ஏழில் எதை எடுக்கலாம்? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: தம்பி, 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ' எடுங்கள். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு எடுங்கள்: அதில் சாகக் கிடக்கிற அம்மா பிழைத்துவிடுகிறாள். அது உங்களுக்கு வலிக்கும்.

லூயிஸின் அம்மா ஃப்ளோரா 1908 ஆகஸ்டில் புற்றுநோயில் இறந்தபோது அவருக்கு வயது ஒன்பது. பிழைக்கவேண்டும் என்று வேண்டினார், இறந்த பிறகும் அதிசயம் நடக்கும் என்று வேண்டினார், நடக்கவில்லை. இதை 'சர்ப்ரைஸ்டு பை ஜாய்' என்ற தன் வரலாற்றில் 1955-ல் எழுதினார். அதே 1955-ல்தான் 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ'வும் வந்தது. அதில் டிகோரி என்ற பையன் அஸ்லானிடம் அம்மாவைக் குணப்படுத்த ஏதாவது கொடுங்களேன் என்று கெஞ்சிவிட்டு, தலையைத் தூக்கிப் பார்க்கிறான். சிங்கத்தின் கண்ணில் பெரிய பெரிய கண்ணீர்த் துளிகள். தன்னைவிட அதற்குத்தான் அம்மாவைப் பற்றித் துக்கம் அதிகமோ என்று அவனுக்குத் தோன்றுகிறது. பன்னிரண்டாவது அத்தியாயம். சின்ன வயதில் நான், கடைசியில் அந்த அம்மாவைப் பிழைக்க வைக்கிற ஆப்பிளுக்காகத்தான் அந்தக் கதையைப் படித்தேன். இப்போது அந்த ஆப்பிளைவிட அந்தக் கண்ணீர்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது, ஏனென்றால் ஆப்பிள் லூயிஸுக்குக் கிடைக்கவே இல்லை, பிறகு 1960-ல் மனைவி ஜாய் புற்றுநோயில் இறந்தபோதும் கிடைக்கவில்லை.

ஜாய் போன பிறகு அவர் எழுதிய 'எ கிரீஃப் அப்சர்வ்ட்' என்ற சின்னப் புத்தகம் உண்டு, 1961-ல் வேறு பெயரில் வெளியிட்டார். ஆபத்தில் கடவுளிடம் போனால் முகத்துக்கு நேரே கதவை அறைந்து உள்பக்கம் தாழ்ப்பாள் போடும் சத்தம்தான் கேட்கிறது என்று அதில் எழுதுகிறார். அதே அஸ்லானை எழுதிய அதே கைதான். அதை இப்போதே படிக்கவேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும். முதலில் டிகோரியின் கதை, அதையும் ராத்திரி தனியாக உட்கார்ந்து படிக்காமல், வீட்டில் குழந்தை யாராவது இருந்தால் கூப்பிட்டு வைத்து உங்கள் அம்மா படித்த மாதிரியே உரக்கப் படியுங்கள். படித்த பிறகு எனக்கு எழுதுங்கள்.